முன்வரிசையில் ஒரு துணை

மண்டப வாசலில் தந்த கழுத்தட்டையின் கீழே மஞ்சள் நாடா ஒன்று தொங்கியது. மாநாட்டுக்கு முதல் தடவை வருகிறவர்களை மற்றவர்கள் அடையாளம் கண்டு, வந்து பேசவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. தங்கச்சி அட்டையைக் கழுத்தில் போட்டாள். நாடாவை மட்டும் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "இதைக் கண்டால் எல்லாரும் வந்து கதைப்பினம் அக்கா," என்று அவளே சொன்னாள். குரலில் கோபம் இல்லை, கூச்சமும் இல்லை. வெயில் ஏறிவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

அவள் என் உடன்பிறந்தவள் அல்ல. நான் அப்போது தலைமன்னாரில் குடும்பநல மருத்துவமாதுவாக இருந்தேன். கர்ப்பிணிகளையும் பிள்ளைகளையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. அவளுக்கும் அதே வேலைதான், ஆனால் இலுப்பைக்கடவைப் பக்கம். சண்டை முடிந்து, முகாமிலிருந்து சனங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்த காலம். வயலெல்லாம் பற்றை மண்டிக் கிடக்க, வீதியோரம் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. கூரையில்லாத பள்ளிக்கூடத்தின் சுவரோடு ஒரு தறப்பாளைக் கூரையாகக் கட்டி, அதற்குள் அவள் கிளினிக் நடத்தினாள். நான் தலைமன்னார் இருக்கும் தீவை விட்டு வெளியேறாமல் அந்த ஆண்டுகளைக் கழித்தவள். அவள் சண்டையின் கடைசி நாள்வரை அதற்குள்ளே இருந்து, நீரேரியைக் கடந்து வந்தவள். கடக்கும்போது அவளுடைய அம்மா கை தவறிப் போனார் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதையும் வேறொருவர்தான் சொல்லியிருந்தார்.

எங்கள் தொழிற்சங்கம் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கென்று தலைமைத்துவப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. மாவட்டத்துக்கு ஓரிருவரைத் தேர்ந்து சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, கொழும்பில் நடக்கும் ஆண்டு மாநாட்டுக்கு அழைத்துப்போவார்கள். முந்தைய ஆண்டு நான் போய் வந்திருந்தேன். தலைமைத்துவம் என்ற சொல்லுக்குப் பொருள் எனக்கு அப்போதும் சரியாக விளங்கவில்லை. ஆனால் அங்கே சொல்லித்தந்த சின்னச் சின்ன விஷயங்கள் உதவின. மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவியைக் காதில் எப்படி மாட்டுவது, தேநீர் நேரத்தில் பெரிய டொக்டர்மார் கூடி நிற்கும் வட்டத்துக்குள் எப்படிப் போய் நிற்பது, நேரம் முடிந்ததென்று மணி அடித்தால் எந்த வசனத்தோடு நிறுத்துவது. இதையெல்லாம் யாரும் சொல்லித் தராவிட்டால் நான் அந்த இரண்டு நாளையும் மண்டபத்துச் சுவரோடு ஒட்டி நின்றே கழித்திருப்பேன். திட்டத்தில் ஒரு விதியும் இருந்தது: ஒருவரும் தனியாக மேடைக்குப் போகக்கூடாது. முன்பு போய் வந்த ஒருவர் முன்வரிசையில் இருக்கவேண்டும். பேச்சு முடிந்ததும் முதல் கேள்வியை அவர்தான் கேட்கவேண்டும். அவருக்குத் துணை என்று பெயர். அந்த ஆண்டு தங்கச்சிக்கு நான் துணை.

ஒத்திகைகளில் அவளிடம் குறை சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. குரல் தெளிவு. நேரம் பிசகாது. ஆனால் பயிற்சி தந்த மிஸ்ஸுக்கு ஏதோ போதாமலிருந்தது. கொழும்பில் வளர்ந்த நல்ல மனுஷி அவர். எங்களுக்குச் சாப்பாடு சரியாகக் கிடைத்ததா என்று ஒவ்வொரு முறையும் விசாரிப்பார். "உங்கட சொந்தக் கதையில இருந்து தொடங்குங்கோ. அப்பதான் சபை உங்களோட வரும்," என்றார்.

"நான் கிளினிக்கைப் பற்றித்தானே மிஸ் கதைக்கப்போறன்?"

"ஓம், ஆனா நீங்கள் யார் எண்டு அவைக்குத் தெரியவேணுமெல்லோ."

தங்கச்சி அதன்பிறகு மறுக்கவில்லை. 'நான் வந்த வழி' என்ற தலைப்போடு பேச்சின் முன்னால் ஒரு பக்கம் சேர்க்கப்பட்டது. அதன் கீழே இரண்டு வசனம் எழுதிக்கொடுத்தாள்: எந்த ஊரில் பிறந்தாள், எங்கே படித்தாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

அவளுடைய முறை இரண்டாம் நாள் காலையில் வந்தது. மேடையேறி, ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்துகொண்டு திரையைத் திரும்பிப் பார்த்தாள். தலைப்பின் கீழே அவள் எழுதிய இரண்டு வசனமும், அதன் பின்னால் திரை முழுவதும் ஒரு புகைப்படமும் இருந்தன. எழுத்து மட்டும் வெறுமையாக இருக்கிறதென்று கடைசி நேரத்தில் யாரோ சேர்த்திருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீருக்குள் சனம் மூட்டைகளைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறது.

தங்கச்சி சபையின் பக்கம் திரும்பவேயில்லை. திரையைப் பார்த்தபடியே நின்றாள். முதலில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு கதிரைகள் அசையும் சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள். தலைமை தாங்கிய டொக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். அடுத்த பேச்சாளரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எனக்கு விளங்கியது. அவளைக் கீழே இறக்கிவிட்டால் இனி அவள் எந்த மேடைக்கும் வரமாட்டாள் என்பதும் விளங்கியது. பேச்சே தொடங்காத இடத்தில் துணை என்ன செய்வதென்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நான் எழும்பினேன். வாயில் வந்ததைக் கேட்டேன்.

"தங்கச்சி, உங்கட கிளினிக்குக்குத் தண்ணி எங்கயிருந்து வந்தது?"

அவள் மெல்லத் திரும்பினாள். "என்னக்கா?" என்றாள், ஒலிவாங்கியில். சபையில் சிலர் சிரித்தார்கள். நான் திரும்பவும் கேட்டேன்.

"தண்ணியோ? கிணறு துப்பரவாக்கேல்லை அக்கா. தண்ணிப் பவுசர் லொறி சில நாளைக்கு வரும், சில நாளைக்கு வராது. வராத நாளில தண்ணிக் கானையும் கொண்டு ஆமிக் காம்பில போய்க் கேப்பன்."

"தருவாங்களோ?"

"தருவாங்கள். முதல் நாள் எனக்குத்தான் கேக்க வாய் வரேல்லை. வாசலில நிண்டிட்டுத் திரும்பி வந்திட்டன். அண்டைக்கு வந்த பிள்ளைத்தாச்சிக்குக் கை கழுவாமல் வயித்தைத் தொட்டுப் பாக்கேலாது. அதால மற்ற நாள் தண்ணிக்கு 'வத்துர' எண்ட சிங்களச் சொல்லைப் பாடமாக்கிக்கொண்டு போனன்."

மொழிபெயர்ப்பு ஒரு கணம் பிந்தித்தான் காதுக்கு வரும். வந்ததும் மண்டபம் அடங்கிப்போனது. அவள் நிறுத்தவில்லை. கொதிக்கவைக்க விறகு பொறுக்கப் பற்றைக்குள் போக முடியாததைச் சொன்னாள். தாய்மாரை நிறுக்கத் தராசு இல்லாமல், மரத்தில் கட்டிய தொங்கு தராசில் பிள்ளைகளை மட்டும் நிறுத்ததைச் சொன்னாள். எழுதி வைத்திருந்த பேச்சில் இதில் பாதிகூட இல்லை. மணி அடித்ததும், பயிற்சியில் சொன்னபடி, ஒரு வசனத்தோடு நிறுத்தினாள்: "எங்களுக்கு ஒரு கட்டடமும் ஒரு கிணறும் வேணும்."

எல்லோரும் கைதட்டினார்கள். தேநீர் நேரத்தில் மாகாண அதிகாரி ஒருவர் அவளைத் தேடிவந்து விவரம் கேட்டார். அந்த வட்டத்தில் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்டதற்கெல்லாம் அளவாகப் பதில் சொன்னாள். பயிற்சி மிஸ் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். தங்கச்சி அழவில்லை. "எனக்கு ஒண்டும் வரேல்லை அக்கா," என்றாள் பிறகு. "சந்தோசமும் வரேல்லை." எனக்கும் வரவில்லை. அந்த ஆண்டுகளில் எங்களுக்கு அப்படித்தான். நல்லது நடந்தாலும் அடுத்த வீட்டில் நடப்பது போல இருக்கும்.

திரும்பி வரும் பஸ்ஸில், மதவாச்சி தாண்டியதும், கேட்காமலே சொன்னாள்.

"நான் பயந்துபோய் நிண்டன் எண்டு எல்லாரும் நினைச்சிட்டினம். நான் பேச்சை மறக்கேல்லை அக்கா. அந்தப் படத்தில அம்மா நிக்கிறாவோ எண்டு பாத்தனான்."

"நிண்டவவோ?"

"எல்லாரும் முதுகைக் காட்டிக்கொண்டெல்லோ போகினம்." யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "படம் எடுத்த ஆள் முன்னுக்கு நிண்டும் எடுத்திருப்பாரோ?"

தெரியாது என்றேன்.

நடந்தது மேடைப் பயம் என்று திட்டத்தில் முடிவெடுத்து, அடுத்த ஆண்டு ஒத்திகைகளைக் கூட்டினார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அது நன்மைதான். அரிப்பு, முருங்கன் ஊர்களிலிருந்து வந்த பிள்ளைகள் தடுமாறாமல் பேசிவிட்டுப் போனார்கள். அவர்களில் பலருக்குத் தங்கச்சி துணையாக இருந்தாள். அவளுடைய கிளினிக்குக்கு இப்போது சுவரும் ஓட்டுக்கூரையும் குழாயும் இருக்கின்றன. ஒத்திகைகளை இப்போது நான் நடத்துகிறேன். சொந்தக் கதையைச் சொல்லும்படி யாரையும் நான் கேட்பதில்லை. திரையில் வரப்போகும் படங்களை ஒவ்வொன்றாக அவர்களுக்கு முதலிலேயே காட்டிவிடுகிறேன். ஏன் என்று புதியவர்கள் கேட்டால், வழக்கம் என்று சொல்கிறேன்.

இதற்கெல்லாம் முன்பு, மாநாடு முடிந்த அடுத்த மாதம், அந்தப் படத்தைப் பற்றிப் பயிற்சி மிஸ்ஸிடம் விசாரித்தேன். இணையத்தில் கிடைத்ததாம், எடுத்தவரின் பெயர் அதில் இல்லையாம். இதைப் போனில் சொல்ல மனம் வராமல் இலுப்பைக்கடவைக்கே போனேன். அன்று கிளினிக் நாள். தறப்பாளின் கீழே தாய்மார் பிள்ளைகளோடு நிலத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை தங்கச்சி கேட்டாள்.

"ஓம் அக்கா," என்றாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு அடுத்த தாயைக் கூப்பிட்டாள்.