கால்வாய் அஞ்சலையைத் தேடிப் போன ரெஜினா

ஸ்கூடாய் சாலை நெரிசலில் கார் நகராமல் நின்றிருந்தபோது ரெஜினாவின் தம்பி அழைத்தார். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க, அண்ணே. முகத்துல வலியே தெரியல." அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதிப் பெருமூச்சுதான். கடைசி மாதங்களில் அவரை மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த நண்பர்களே, உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவருக்குத் தொழிற்சாலையில் வேலை, ஞாயிறு காலை தேவாலயப் பாடகர் குழு, மீதி நேரமெல்லாம் பேய். எங்கள் சிறுவயதில் ஜொகூர்த் தோட்டங்களில் கைமாறிக்கொண்டிருந்த 'சாமக்காவல்' என்ற திகில் சித்திரக்கதை இதழை இன்றைய வாசகர்களுக்காகத் தொகுத்துக் கொண்டுவர இருவரும் முனைந்தோம். இதழுக்கு நான்கைந்து கதைகள். ஒவ்வொன்றையும் ஒரு கிழட்டு ஜாகா, தோட்டத்துக் காவல்காரர், டார்ச் விளக்கோடு வந்து தொடங்கி வைப்பார். எல்லாவற்றையும் வரைந்த ஓவியர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் மகிழ்ச்சியோடு அனுமதி தந்தார். மங்கிய பக்கங்களைக் கணினியில் சுத்தம் செய்து, எழுத்துகளைப் புதிதாகப் பொருத்தியவர் ரெஜினா.

பக்கங்களை முதலில் பல்கலைக்கழக மாணவர்களிடம் காட்டினார். உணவுக்கடையில் அவர்கள் எதிரே உட்கார்ந்து, படத்தை விட்டுவிட்டு முகங்களையே கவனித்தார். ஒரு பெண் "அலமாக்!" என்று கத்தித் தேநீரைத் தட்டிவிட்டாள். ரெஜினாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "பழசுன்னு மரியாதையா படிச்சா நாம தோத்துட்டோம். பயப்படணும் லா," என்றார்.

தொகுப்பு அச்சுக்குப் போகவிருந்த வாரம் ஒரு வாசகரிடமிருந்து செய்தி வந்தது. அன்னாசித் தோட்டத்துக் கால்வாயில் விழுந்து இறந்து, கரையில் போகிறவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடும், தொகுப்பில் வரும் பேய் 'கால்வாய் அஞ்சலை' கற்பனை இல்லையாம். அந்தப் பெயரில் உண்மையாகவே ஒருவர் இருந்தாராம். அவருடைய மகள் பெக்கான் நானாஸ் ஊரில் இருக்கிறாராம்.

"பேரை மாத்திடலாம்," என்றேன்.

"மாத்துனா நமக்கு நிம்மதி. அந்த மகளுக்கு?" என்றார் ரெஜினா. "பேய்னாலும் அவங்க யாரோ ஒருத்தருக்கு அம்மா. கேட்காம போட மாட்டேன்."

அந்த மகள் வேண்டாம் என்றால் தொகுப்பின் சிறந்த கதை போய்விடும். அதைவிட, ஒரு மகளிடம் போய் அவள் தாயைப் பேயாகக் காட்டுவது எப்படி என்ற பயம். ஆனாலும் பக்கங்களை எடுத்துக்கொண்டு இருவரும் பெக்கான் நானாஸுக்குப் போனோம்.

அந்த மகள், பார்வதி அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பக்கம்கூட விடாமல் படித்தார். பிறகு உள்ளே பார்த்து மருமகளைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரும்மா, எங்கம்மா பேயா வந்திருக்காங்க!"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கம்மா அன்னைக்குச் சாகல லா," என்றார் அவர். "அப்பா அடி தாங்க முடியாம ஜொகூர் பாருவுக்கு ஓடிட்டாங்க. செருப்பு கால்வாய்க் கரையில கெடந்துச்சு, எல்லாரும் தண்ணியிலயே தேடுனாங்க. அப்புறம் பேய் நடமாடுதுன்னு யாரோ கெளப்பி விட்டாங்க. அப்பா பயந்துபோய்த் தேடவே இல்ல. என்னைச் சித்தி வீட்டுல விட்டிருந்தாரு. அம்மா வந்து சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைசி வரைக்கும் என்கூடதான் இருந்தாங்க. நல்லா சாப்பிட்டாங்க, நல்லா சண்டை போட்டாங்க."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு.

"இந்தப் பேய்தான் எங்கம்மாவைக் காப்பாத்துச்சு. தாராளமா போடுங்க. ஆனா அவங்க நல்லா இருந்தாங்கன்னு ஒரு வரி சேர்த்துடுங்க."

பழைய கதையில் ரெஜினா ஒரு கோட்டைக்கூடத் தொடவில்லை. அதன் முடிவில் ஒரே ஒரு கட்டம் சேர்த்தார். ஜாகா டார்ச்சை அணைத்துவிட்டுச் சொல்கிறார்: "பயப்படாதீங்க. அஞ்சலை மகள் வீட்டுக்குப் போயிட்டாங்க." இளம் வாசகர்கள் அதிகம் பகிர்ந்துகொண்டது அந்தக் கட்டத்தைத்தான். புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க ரெஜினாவுக்குக் காலம் கிடைத்தது. அடக்கப் பூசைக்குப் பார்வதி அம்மாவும் வந்திருந்தார்.

அடுத்த தொகுப்பில் கெலாங் பாத்தா ஊரில் உள்ள வீடு ஒன்றைப் பற்றிய பேய்க்கதை இருக்கிறது. விசாரித்தேன், வீடு உண்மையாகவே இருக்கிறது, ஆட்களும் குடியிருக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டு அச்சுக்கு அனுப்புவது எனக்குச் சுலபம். ரெஜினாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தச் சுலபத்தைச் செய்யாத பிடிவாதத்தைத்தான். சனிக்கிழமை போய் அவர்கள் கதவைத் தட்டப்போகிறேன்.