கேஜ் மணிக்காரர்

2024 ஜூலை 9, செவ்வாய், காலை 6.40, தூறல். இடுப்பு மூட்டு மாற்றிய பத்தொன்பதாம் நாள். தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், என் வீட்டு வாசலின் மூன்று படிகளில் முதன்முறையாக இறங்க வேண்டும். கையில் ஊன்றுகோல். விழுந்தால் மறுபடி ஆபரேஷன்.

பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஆட்களை இறக்கும் இரும்புக் கூண்டான கேஜுக்கு மணி அடித்தவர். எதைச் சொல்வதானாலும் முதலில் தட்டிவிட்டுத்தான் சொல்வார். இரண்டு விரல் இல்லாத கையால் கதவில் மூன்று முறை தட்டினார்.

"மூணுன்னா ஆளு எறங்கறான்னு அர்த்தம். வாங்க சார்."

நல்ல காலை முன்னே நீட்டினேன். ஒரே தட்டு.

"நில்லுங்க. இன்னா சார் நீங்க, ஆபரேஷன் காலு மொதல்ல."

இறங்கிவிட்டேன். "மொத்தம் எத்தனை பேரை இறக்கியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"எறக்கினத எண்ண மாட்டேன் சார். மேல வந்தவங்களத்தான் எண்ணுவேன்."

நான் திரும்பப் படியேறும்வரை அவர் அசையவில்லை. ஏறியதும் மெதுவாக, "ஒண்ணு" என்றார்.

கூலியாக அவர் கேட்டது ஒரு டீ. பத்து ரூபாய்.