மலையைப் பார்த்த ரிங்குகள்

பிஸ்டனில் ரிங்கு மாட்டுவதற்கு முன் நாச்சிமுத்து முதலில் பழனி மலை எந்தப் பக்கம் என்று பார்ப்பார். நெய்க்காரப்பட்டித் தோட்டங்களில் நின்றால் மலையைத் தேடவே வேண்டாம். ஆனாலும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு, காணாமல் போன மாட்டைத் தேடுகிறவர் போல நாலு திசையும் பார்ப்பார்.

திண்டுக்கல்லில் ஒரு லேத்துப் பட்டறையில் ஆறு மாதம் இரும்புத்தூள் கூட்டியவர், இங்கே எஞ்சின் டாக்டர். "மெக்கானிக்குன்னு சொல்லாத தாயி. மெக்கானிக்கு சைக்கிளுக்கு" என்பார். புது ரிங்கை நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். "நல்ல இரும்பு. பேசுது." என்ன பேசியது என்று யாருக்கும் சொன்னதில்லை.

சிவனம்மாள் தோட்டத்து எஞ்சினைப் பிரித்துச் சாக்கில் பரப்பியிருந்தார். கமலை இறைத்த மாடுகளை விற்று வாங்கிய தண்ணீர் எஞ்சின் அது. கிணற்றில் தண்ணீர் கிடக்க, காய் பிடிக்கும் சமயத்தில் வெங்காயத்தாள் நுனி கருகிக்கொண்டிருந்தது. அவள் அவர் கையையே பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தாள்.

ரிங்கு முழு வட்டமல்ல. ஓரிடத்தில் சிறு வாய் விட்டிருக்கும். மூன்று ரிங்குகளையும் பிஸ்டனில் ஏற்றிய நாச்சிமுத்து, மூன்றின் வாயையும் ஒரே நேராக மலைப் பக்கம் திருப்பினார்.

"முருகன் பார்வை உள்ள போகணும்ல?"

"ஏனுங்ணா, வாயெல்லாம் ஒரே நேரா இருந்தா, புகை அது வழியா எறங்கீராதுங்களா?"

"ஒனக்கு அடுப்பு வாய் தெரியும். இது ரிங்கு வாய். செத்த நேரம் சும்மா இரு தாயி."

பூட்டி, ஹேண்டிலைச் சுற்றினார். எஞ்சின் இருமியது, அடியில் புகை கக்கியது, நின்றுவிட்டது. எண்ணெயில் கலப்படம் என்றார். கிணற்றை மூலை தப்பி வெட்டியிருக்கிறார்கள் என்றார். கடைசியில், "பொம்பளை குறுக்க பேசினா எந்த மிஷினு ஓடும்?" என்று முடித்தார்.

சிவனம்மாள் கருகிய தாள் ஒன்றைப் பிடுங்கி வந்து அவருடைய வெற்றிலைப் பெட்டிமேல் வைத்தாள். "சோத்துக்கு வெஞ்சனமாவாச்சும் ஆகுமான்னு பாருங்க."

மறுபடி பிரித்தார். இந்தத் தடவை, "அம்புட்டு வெயிலு" என்று துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். முழங்கை மட்டும் தெரிந்தது. ஒரு ரிங்குக்கு இப்படித் திரும்பியது. அடுத்ததற்கு அப்படித் திரும்பியது. பிறகு மலையைப் பார்த்துப் பட்பட்டென்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

எஞ்சின் ஓடியது. தண்ணீர் குபுகுபுவென்று வாய்க்காலில் விழுந்து வெங்காயப் பாத்திக்கு ஓடியது.

"பாத்தியா? அப்ப மலைய மேகம் மறைச்சிருந்துச்சு. அதான் கோளாறு" என்று திரும்பினார் நாச்சிமுத்து. இரண்டு கன்னத்திலும் கிரீஸ் விரல் விரலாகப் பதிந்திருந்தது.

சிவனம்மாள் சோப்புக்கட்டியை நீட்டினாள். அவர் கையை மட்டும் கழுவிக்கொண்டு, சைக்கிள் ஏறி ஊருக்குள் போனார்.