சேற்றுக்குக் காவல்

துடைத்த நாற்காலியையே இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்வார் சூசையப்பன். தோளில் கிடக்கும் பச்சைக் கட்டம் போட்ட துண்டுக்கு அதுதான் முழுநேர வேலை. முதலில் இருக்கை, அப்புறம் கைப்பிடி, கடைசியில் நாற்காலியின் கால்களையும் விடமாட்டார். "இப்ப உக்காருங்க சாரே" என்று அவர் சொல்லும்போது நமக்கு நம் வேட்டியின் மேலேயே சந்தேகம் வந்துவிடும். பீர்மேட்டுப் பக்கம் வாத்தியாராக வந்த நாளிலிருந்து நான் அவர் வீட்டுக்கு மேலே, மலை ரோட்டின் மேல்வளைவில் குடியிருக்கிறேன். துண்டு இல்லாமல் அவரைப் பார்த்தது மாதா கோயில் பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போது மட்டும்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால், வேலைக்காரர்களுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். வந்த பணத்தில் ஆற்றோரமாக ஐந்து செண்ட் வாங்கி, வங்கியில் கடன் எடுத்து, இரண்டு அறையும் ஒரு முன்வாசலுமாக வீடு கட்டினார். ஏன் ஆற்றோரம் என்று கேட்டால், "மேட்டு நெலம் முதலாளிமாருக்கு. நமக்கு வாய்ச்சது இதுதான சாரே" என்பார். கடன் கொடுத்த வங்கி, வெள்ளத்துக்கும் சேர்த்து வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கச் சொன்னது. அதில் அவருக்கு ஒரே பெருமை. வாழ்நாளெல்லாம் அடுத்தவன் கட்டிய வீட்டில் இருந்த மனிதர் அல்லவா?

அவர் மனைவி செபமாலையம்மாளுக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. "ஓட்டுக்கும் செவத்துக்கும் யாராச்சும் வருசா வருசம் காசு கட்டுவாகளா? நம்மள மாதா பாத்துக்கிட மாட்டாளா?"

"மாதா பாத்துக்கிடுவா. சிமெண்டு மூட்ட யாருட்டி வாங்கித் தருவா?"

ஆனி மாதம் பிறந்தால் இந்த வழக்கு அந்த வீட்டில் தொடங்கிவிடும். கீழ்வளைவில் இவர்கள் பேசுவது மேலே எனக்குத் தெளிவாகக் கேட்கும். கேட்காதபோது நான் கொஞ்சம் சன்னல் பக்கம் நகர்ந்துகொள்வதும் உண்டு.

வழக்கு முற்றியதற்குக் காரணம், கடன் அடையுமுன் வந்த ஒரு வெள்ளம். இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் நின்று வடிந்தது. மெத்தை, பிரிட்ஜ், மர அலமாரி எல்லாம் போச்சு. இன்சூரன்ஸ் ஏஜெண்டு ஷிஜி போனில் கூப்பிட்டு, நாளை மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு ஆபீசர் வந்து வீட்டைப் பார்ப்பார் என்று சொன்னாள். ஆபீசர் வந்து வீட்டைப் பார்ப்பார். அந்த வார்த்தைக்கு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். லைன் செக்கிங் என்று துரை வரும் நாளில் வாசல் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சட்டி பானையைக் கவிழ்த்து வைத்துக் கைகட்டி நிற்க வேண்டும். அழுக்கு வீடு என்று பேர் வாங்கினால் ஊரே பேசும்.

புருஷனும் பெண்டாட்டியும் விழுந்து விழுந்து கழுவினார்கள். ஊறிய மெத்தையையும் அலமாரியையும் ஆற்றிலேயே விட்டார்கள். பிரிட்ஜைப் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர்க்காரன் தூக்கிப் போனான். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் இரண்டு கை சுண்ணாம்பு. வந்த ஆபீசர் வாசலில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஈ வீட்டிலாணோ வெள்ளம் கேறியது?" என்றார். இந்த வீட்டிலா தண்ணீர் ஏறியது என்கிறார். சூசையப்பன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். "ஆமா சார். ஒரு பொட்டு அழுக்கு இருக்கா பாருங்க!"

ஆபீசர் பொல்லாதவர் இல்லை. டீ குடித்தார், வீடு நல்ல சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்ததைத்தானே அவர் எழுத முடியும்? பின்சுவரில் விழுந்த ஒரு விரிசலுக்கு மட்டும் ஏதோ கொஞ்சம் வந்தது. சூசையப்பன் இதைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் சிரிக்க முடியவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கடன் போன வருஷம் அடைந்துவிட்டது. இனி வங்கியின் கட்டாயம் இல்லை. வருஷா வருஷம் கட்டும் இன்சூரன்ஸ் தொகையும் ஏறியிருந்தது. விட்டுத் தொலையுங்கள் என்றார் செபமாலையம்மாள். இவர் சத்தம் காட்டாமல், அந்த அம்மாள் ஆசையாக வளர்த்த கறுப்பு ஆட்டை விற்றுக் கட்டிவிட்டு வந்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சுக் குரல் இல்லை, சோற்றுத் தட்டு தரையில் மோதும் சத்தம்தான் என் சன்னல்வரை வந்தது.

ஆடி மழை பிடித்தது. ஆற்றில் துணி துவைக்கும் கல் ஒன்று உண்டு. அதன் தலை தெரியும்வரை பயமில்லை என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். சூசையப்பன் டீ குடிக்குமுன் கல்லைப் பார்ப்பார், குடித்தபின் பார்ப்பார். ஒரு நாள் மத்தியானம் பெண்டாட்டியிடம் கேட்டார்.

"ஏட்டி, கல்லு தெரியுதா?"

"தெரியல" என்றார் செபமாலையம்மாள். ஆடு போன பிறகு அவர் புருஷனிடம் பேசிய முதல் வார்த்தை அது.

மகன் வினோ ஜீப்பைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றி எங்கள் பள்ளிக்கூடத்து கேம்ப்பில் விட்டான். இரண்டாம் நாள் தண்ணீர் வடிந்து திரும்பிப் போனபோது நானும் கூடப் போனேன். வீட்டுக்குள் முழங்கால்வரை சேறு. நெஞ்சு உயரத்தில் சுவரைச் சுற்றிப் பழுப்புக் கோடு. பின்சுவரின் பழைய விரிசலில் கையை விடலாம். சூசையப்பன் கூரையில் செருகியிருந்த விளக்குமாற்றை உருவினார். செபமாலையம்மாள் பாய்ந்து பிடுங்கினார்.

"ஒரு செம்புத் தண்ணி ஊத்தக்கூடாது, சொல்லிட்டேன்! என் ஆட்ட வித்த காசு இந்தச் சேத்துக்குள்ளதான் கெடக்கு."

விளக்குமாறு அவர் கைக்கு எட்டாமல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஷிஜியும் போனில் அதையேதான் சொன்னாள்: "சேட்டா, ஒண்ணும் தொட வேண்டா. சார் வந்து பாக்கட்டும்." வழியில் மண்சரிந்து ரோடு அடைத்துக் கிடந்தது. சார் எப்போது வருவார் என்று அவளுக்கும் தெரியவில்லை. போட்டோ எடுத்து அனுப்பலாமே என்று நான் எல்லா மூலையையும் படம் பிடித்தேன். சூசையப்பனுக்கு அதில் நம்பிக்கையில்லை. "போட்டோவுல நாத்தம் தெரியுமா சாரே?"

அன்றிலிருந்து அவர் வாசற்படியில் உட்கார்ந்து சேற்றுக்குக் காவல் இருந்தார். கரையில் மற்ற வீடுகளெல்லாம் கழுவி, பாத்திரம் காய்ந்து, அடுப்புப் புகைந்தது. இவர் வீடு மட்டும் நாறியது. பக்கத்து வீட்டு அழகுமலை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, உள்ள நாத்து நடப் போறியளா?" என்றான். இவர் சிரிக்கவில்லை. கோயிலிலிருந்து இளைஞர்கள் மண்வெட்டியோடு உதவிக்கு வந்தார்கள். சூசையப்பன் சட்டென்று எழுந்து வாசல் நிலையின் இருபுறமும் கையை ஊன்றி மறித்துக்கொண்டார். "தம்பிகளா, கும்பிட்டுக் கேக்கேன், உள்ள காலு வைக்காதீக." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். பெரியவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று அன்று சாயந்திரமே பேச்சு பரவியது.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. விரிசல் வாய் பிளந்துகொண்டே வந்தது. வினோ மூங்கிலை வைத்து முட்டுக் கொடுத்தான். மேற்கே மறுபடியும் கறுத்தது. இன்னொரு மழை வந்தால் சுவர் நிற்காது. சுவர் விழுந்து, காசும் வராமல் போனால், மறுபடி கட்ட அவர் உடம்பில் தெம்பில்லை, விற்க ஆடும் இல்லை. அவர் கை மட்டும் சும்மா இருக்காது. படியில் தன் பக்கத்தில் ஒரு சாண் இடத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருப்பார். சாயந்திரம் கேம்ப்புக்குப் போய் அந்தத் துண்டைச் சோப்புப் போட்டு அலசிக் காயப் போடுவார்.

ரோடு பாதி திறந்த அன்று ஆபீசர் வந்தார். இந்த முறை இளவயதுக்காரர். ஜீப் நின்ற இடத்திலிருந்து நடந்தே வந்திருந்தார், செருப்பு கையில் இருந்தது. உள்ளே போய்ச் சுவர்க் கோட்டைப் பார்த்தார், விரிசலில் விரலை வைத்தார், மூக்கைப் பொத்திக்கொண்டார். செபமாலையம்மாள் என் பக்கத்தில் நின்று செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். ஆபீசர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, உட்கார்ந்து எழுத இடம் தேடினார்.

அங்கே இருந்தது ஒரே ஒரு நாற்காலி. இருக்கையில் விரற்கடை கனத்துக்குச் சேறு.

சூசையப்பனின் கை தோளுக்குப் போனது. துண்டோடு நாற்காலிமேல் குனிந்தே விட்டார்.

"ஏங்க" என்றார் செபமாலையம்மாள், மெதுவாக.

கை அந்தரத்தில் நின்றது. ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சூசையப்பன் துண்டை ஒரு முறை உதறினார். அந்த வீட்டில் அப்போது சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான். அதை இரண்டாக மடித்து, சேறு கலையாமல் அதன் மேலேயே விரித்துவிட்டு நிமிர்ந்தார்.

"இப்ப உக்காருங்க சார்."