மூன்று ஷிப்டுக்கு ஒரு கேம்

பொன்னேரியில் மின்சார ரயில் ஏறியதும் எதிரே உட்கார்ந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கம்பெனிச் சட்டை, ஏறிய நெற்றி. பெட்டியில் பதினொரு பேர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் மடியில் கை வைத்து இரண்டு கட்டைவிரல்களையும் சும்மாவே அசைத்துக்கொண்டிருந்தார்.

"விரல் வலியா?" என்றேன்.

"இல்ல சார், கேம் ஞாபகம்."

வீட்டு டிவியில் ஆடும் வீடியோ கேமாம். விலை ஐயாயிரம் ரூபாய். பொம்மைச் சண்டைக்கு ஐயாயிரமா! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அநியாய வெலதான் சார். அதான் கம்பெனில மூணு பேரா சேந்து ஒரே அக்கவுண்டுல வாங்கினோம், அவங்கவங்க ஊட்டு டிவில ஆடிக்கலாம். ஆனா ஒருத்தர் ஆடும்போது இன்னொருத்தர் ஆட முடியாது. ஆளுக்கொரு ஷிப்டுங்கறதால சண்டையே வரல."

"பிறகென்ன, நல்ல ஏற்பாடுதானே?"

"இன்னா நல்ல ஏற்பாடு? போன வாரம் மூணு பேரையும் பகல் ஷிப்டுல போட்டானுங்க. சாயங்காலமானா மூணு பேருக்கும் அதே கேம் வேணும். ஒரே பேஜாரு. அதான் சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி, நான் மட்டும் நிரந்தரமா நைட் ஷிப்டு வாங்கிக்கினேன். பகல்ல நிம்மதியா ஆடலாம்."

"தூக்கம்?"

"அது கெடக்குது. ஊட்லதான் சம்சாரம் பேச மாட்டேங்குது."

எனக்குப் பொறுக்கவில்லை. "அதற்கு நீங்களே முழுப் பணம் கொடுத்துத் தனியாக ஒன்று வாங்கியிருக்கலாமே, ஐயா!"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஒரு கேமுக்கு அவ்ளோ டப்பு குடுக்க நான் இன்னா லூசா சார்?"

கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அந்த விலையை வைத்தவன் மேல் கோபப்படுவதா, இவர் மேலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.