பன்னிரண்டுக்கு மூன்று

பள்ளி விவாதப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டால் இன்றும் மூன்று பேனா எடுத்துப்போகிறேன். ஒன்று நின்றுபோகும், இன்னொன்றை யாராவது இரவல் வாங்கிப்போவார்கள். போன வாரம் சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஆறு பேர் பேசி முடித்தபோது மூன்றுமே என்னிடம் இருந்தன, மூன்றும் எழுதின. அதற்கும் கவலைப்பட்டேன், யார் சொன்னதையாவது குறிக்காமல் விட்டுவிட்டேனோ என்று.

இந்தக் கவலை எனக்கு அத்தையிடமிருந்து வந்தது. அப்போது எனக்குப் பதினான்கு வயது.

சிராங்கூன் சாலையை ஒட்டி ஒரு மாடிக்கூடம். நாற்பத்திரண்டு மடக்கு நாற்காலிகள், நான்கு மின்விசிறிகள், அதில் ஒன்று சுற்றாது. அடுக்குமாடி வீடே சிறந்தது என்று நாங்கள் பேச வேண்டும். எதிரணி மறுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் தோற்றிருந்தோம். மூன்றாம் முறை கோப்பையில்லாமல் வீடு திரும்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மூன்று நடுவர்களில் ஒருவர் வரவில்லை. எனக்குத் துணையாக வந்திருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தமிழாசிரியை என்று தெரிந்ததும் அவரையே உட்காரச் சொன்னார்கள்.

“பேசப்போறது என் மருமகன். நான் எப்படிங்க?” என்று அத்தை தயங்கினார்.

எதிரணி ஆசிரியரே நாற்காலியை இழுத்துப் போட்டார். “உங்கள நம்பாம யார நம்புறது டீச்சர்? உட்காருங்க லா.”

பாதிக் கோப்பை கைக்கு வந்துவிட்டதாக எனக்கு உள்ளூரக் குஷி.

எங்களிடம் பன்னிரண்டு கருத்துகள். எதிரணியிடம் மூன்றே மூன்று. ஆனால் அந்த மூன்றாவதை அவர்கள் விடவேயில்லை. மின்தூக்கி நின்றுபோனால், பத்தாவது மாடியில் இருக்கும் நடக்க முடியாதவர் என்ன செய்வார்? மூன்று பேரும் ஆளுக்கொரு முறை கேட்டார்கள்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் மாலை, புக்கிட் மேரா வீட்டில் சாப்பிடும்போதே அத்தையிடம் பதிலைச் சொல்லிப் பார்த்திருந்தேன்: அப்படிப்பட்டவர்களுக்குக் கீழ்மாடி வீட்டை ஒதுக்கிவிடலாம். “இது போதும்டா, மடக்கிட்ட” என்று அத்தை இன்னோர் அப்பளம் வைத்தார்.

கடைசிப் பேச்சு என்னுடையது, நான்கு நிமிடம். எழுந்து நின்ற பிறகு எண்ணிப் பார்த்தேன். எங்கள் கருத்துகளில் பதினொன்றுதான் வந்திருந்தன. ஜன்னலுக்கு வெளியே நீட்டும் மூங்கில் கழியில் துணி காயவைக்கும் வசதியை யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டை நிறைவு செய்யும் உறுதியோடு அதை விரிவாகச் சொன்னேன். மணி அடித்தது.

மற்ற இரு நடுவர்களும் பக்கத்துக்கு ஒருவராகப் பிரிந்தார்கள். கடைசியாக அத்தை எழுந்து, என்னைப் பார்க்காமல், எதிரணி என்றார்.

பேருந்தில் நிறுத்தங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். ஐந்தாவதில் வெடித்தேன்.

“நாங்க பன்னிரண்டு சொன்னோம் அத்தை! அவங்க மூணுதான்!”

“எண்ணிப் பாக்கவாடா என்னை உட்கார வெச்சாங்க? அவங்க கேட்டதுக்கு யாரு பதில் சொன்னா?”

“அந்தப் பதில்தான் உங்களுக்குத் தெரியுமே! நேத்து சொன்னேன்ல?”

“வீட்டுல கேட்டேன். கூடத்துல கேக்கலையே.”

அடுத்த ஆண்டு எந்தக் கேள்வியையும் விடப்போவதில்லை, எதிரில் அத்தையே உட்கார்ந்திருந்தாலும் ஜெயிப்பேன் என்று அங்கேயே சபதம் செய்தேன். பிறகு, தப்பு கண்டுபிடிப்பதற்காகவே அவருடைய கைப்பையிலிருந்து நடுவர் தாளை உருவினேன். இடப்பக்கம் எங்கள் பன்னிரண்டு வரிகள், ஒன்றும் குறையவில்லை. வலப்பக்கம் அவர்களுடைய மூன்று. மூன்றாவதிலிருந்து ஓர் அம்புக்குறி எங்கள் பக்கம் வந்து, ஒரு காலிக் கட்டத்தில் நின்றிருந்தது. கட்டத்துக்குள் எழுத்து ஒன்றும் இல்லை. பேனா முனை பட்டுப் பட்டு ஊறிய நீலப் புள்ளிகள் மட்டும்.

“பேனா ஒழுகுது போல” என்றேன், குத்தலாக.

“ஆமாடா, பழைய பேனா” என்று அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புள்ளிகளை எண்ணினேன். ஒன்பது. அந்தத் தாள் முழுவதிலும் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் பேனா ஏன் ஒழுகியது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.