மந்தைவெளிச் சிறுபாலத்தில் நான் மாட்டிய ஜன்னல் கம்பி

தி. நகரில் இன்று எனக்கு இரண்டு கடைகள். ஆனால் நான் முதன்முதலில் யாவாரம் செய்தது மந்தைவெளியில், ஒரு சிறுபாலத்தின் ஓரம், தரையில் பரப்பிய பிளாஸ்டிக் வாளிகளோடு. பக்கத்தில் செல்வி அக்காவின் இட்லி வண்டி. போன செப்டம்பரில் அக்கா போன் செய்தார்: "நைனா, வண்டி நிக்கிற எடம் உள்ள போய்க்கினே கீது. எவ்ளோ மண்ணு கொட்னாலும் நிக்க மாட்டேங்குது." மழைக்கு முன் பார்த்துவிடலாம் என்று அந்த ஞாயிறே கிளம்பினேன்.

காலை 6.10க்கு ஆட்டோ. மயிலாப்பூர்க் குளத்தைச் சுற்றிப் போகச் சொன்னேன். "நேரா போனா சீக்கிரம் சார்" என்றார் ஓட்டுநர். வாளிகளைக் கயிற்றில் கோத்துத் தோளில் போட்டு நான் நடந்த வழி அது. அவருக்கு எதற்கு அந்தக் கதையெல்லாம். ஆறு கிலோமீட்டர், 25 நிமிடம், 170 ரூபாய்.

"இன்னா, மொதலாளி ஆட்டோல வர்றாரு? காரு இன்னா ஆச்சு?"

"காரை நிறுத்த இடம் தேடுறதுக்குள்ள உன் இட்லி தீர்ந்துடும்க்கா."

அதே சாம்பார் வாசம். நாலு இட்லி சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் பார்த்தேன், வண்டிச் சக்கரத்துக்கு இரண்டடி தள்ளி ரோட்டில் விரிசல்.

கீழே இறங்கினேன். பாலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயின் வாயில் துருப்பிடித்த ஜன்னல் கம்பி. அதில் இளநீர் மட்டை, கவர், கிழிந்த துணி, பாதி மெத்தை. அந்த நாளில் காற்றடித்தால் நான் விற்ற பிளாஸ்டிக் மக்குகள் உருண்டு அந்தப் பாலத்துக்குள் போய்விடும். அதைத் தடுக்க, இடித்த வீட்டுச் சாமானில் அந்தக் கம்பியை வாங்கி மாட்டியது நான்தான்.

வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் சும்மா நிற்காது. மேலேறும், பக்கச்சுவரில் இடுக்கு தேடும். குழாய்க்குள் போகவேண்டியது குழாய்க்கு வெளியே மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். அடைப்பில் மிச்சமிருக்கிற சந்து வழியாகப் பீய்ச்சியடித்து அடித்தளத்தையும் அரிக்கும். சுவரோரப் பொந்துக்குள் கையை விட்டேன், தோள்வரை போனது. அக்காவின் அடுப்பு அதற்கு மேல்தான் எரிந்துகொண்டிருந்தது.

"கால்வாய் சுத்தம் பண்றவங்க இத எடுக்கலையாக்கா?"

"ரெண்டு வாட்டி வந்தாங்க. நான் கை வைக்க வுடல. நம்ம பையன் மாட்னது, அவன் வந்து சொன்னாதான்னு திட்டி அனுப்சேன்."

"எடுத்துடலாம்க்கா" என்றேன்.

முதலில் வண்டியை முப்பதடி தள்ளி எதிர்ப்பக்கம் நிறுத்தினோம். வெயில் முகத்தில் அடிக்கிறது என்று அக்கா முணுமுணுத்தார். ஒன்பது மணிக்கு, நான் போன் செய்து கூப்பிட்ட ஆட்கள் வந்து கம்பியை அறுத்தார்கள். பதினொன்றுக்குத் தண்ணீர் ஓடியது.

தங்கள் பழைய இடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: ரோட்டில் கூட்டம் சேருமுன், ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போங்கள். பாலத்தின் இரண்டு முனையையும் பாருங்கள். குப்பையை எடுத்ததோடு வேலை முடியாது. பொந்து அப்படியே இருக்கும். மேலே மண்ணைக் கொட்டி மூடினால் அடுத்த மழையில் போய்விடும். வார்டு ஆபீசில் எழுதிக் கொடுங்கள், கல்லும் கான்கிரீட்டும் போட்டு அடைக்கும்வரை மேலே எதையும் நிறுத்தாதீர்கள்.

அடையாறுக்குச் சரக்கு விஷயமாக இந்தப் பாலத்தின் மேல் எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். ஒருமுறை இறங்கியிருந்தால், அக்கா அந்தக் கம்பிக்கு இத்தனை வருஷம் காவல் இருந்திருக்க வேண்டாம்.